நகரும் தட்டு, மாறும் பாரம்

சூப்பர் மார்க்கெட் ரேக்கின் தூணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கும் துளை வரிசை கண்ணில் படும். பெரும்பாலும் 50 மி.மீ.க்கு ஒரு துளை. சில வகைகளில் 25 மி.மீ.க்கு ஒன்று. பிராக்கெட்டின் பற்களை அதில் நுழைத்து, மேலிருந்து ஓர் அடி கொடுத்தால் உட்கார்ந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம், வெல்டிங் வேண்டாம், ஃபிட்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் வந்து இறங்கும்போது தட்டுகளின் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். பண்டிகை முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் காசு கொடுப்பது இந்த வசதிக்காகத்தான். ஆனால் தட்டை இடம் மாற்றுகிற கை, தனக்குத் தெரியாமலே ஒரு பொறியாளரின் கணக்கையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தட்டில் எதை வைக்கிறோம், எந்த நிலையை எங்கே நகர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து அதே இரும்பு தாங்கும் பாரம் பாதியாகவும் ஆகலாம்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு இந்த ரேக்குகளின் உலகம் செங்குன்றத்திலேயே தொடங்கிவிடும். அரிசி ஆலைகளையும் குடோன்களையும் தாண்டி, சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாகப் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் காக்களூர், திருமழிசை சிட்கோ பேட்டைகள். தகடு வளைக்கும் பட்டறைகள், பவுடர் கோட்டிங் பட்டறைகள், சரக்கு அடுக்கும் கிடங்குகள் எல்லாம் திருவள்ளூர் என்ற இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கடையில் நாம் பார்க்கும் மெல்லிய தட்டும், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி டன் கணக்கில் ஏற்றி வைக்கும் பல்லட் ரேக்கும் ஒரே குடும்பம். இரண்டின் அறிவியலும் ஒன்றுதான், அளவுதான் வேறு.

கும்மிடிப்பூண்டி என்றதும் பலருக்கு இரும்பு நினைவுக்கு வரும். அங்குள்ள மின்தூண்டல் உலைகள் பழைய இரும்பை உருக்குகின்றன. உருட்டாலைகள் அதைக் கட்டடக் கம்பியாக நீட்டுகின்றன. ரேக்குக்கான தகடு வேறு ரகம். கர்நாடகத்தின் தோரணகல்லு, ஜார்க்கண்டின் பொக்காரோ போன்ற ஊர்களில் உள்ள பெரிய ஆலைகள்தான் இரும்பை அத்தனை மெல்லியதாக உருட்டிக் காயிலாகச் சுருட்டித் தர முடியும். பட்டறையில் அதன் தடிமனைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 14 கேஜ் ஏறக்குறைய 2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ. தூணுக்குத் தடித்த தகடும் தட்டுக்கு மெல்லிய தகடும் போகும்.

ஒரு மி.மீ. கூட இல்லாத தகடு அரை மூட்டை அரிசியை எப்படித் தாங்குகிறது? ஒரு தாளின் ஒரு முனையைப் பிடித்தால் அது தொங்கிவிடும். அதன் நீள விளிம்புகள் இரண்டையும் மடித்துவிட்டுப் பிடித்தால் விறைத்து நிற்கும். தாள் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. இரும்புத் தட்டிலும் இதுதான் நடக்கிறது. பாரம் ஏறி வளையும்போது தட்டின் மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது, இடையில் அமுங்காமலும் இழுபடாமலும் ஒரு மட்டம் இருக்கிறது. அந்த மட்டத்திலிருந்து இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது வளைவை எதிர்க்கும். 400 மி.மீ. அகலமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள வெறுந்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் 30 மி.மீ. பட்டையைக் கீழ்நோக்கி மடித்துவிட்டால், வளைவை எதிர்க்கும் விறைப்பு கணக்கின்படி 700 மடங்குக்கு மேல் உயர்கிறது. கூடுதலாகச் செலவான தகடு 15 சதவீதம்தான். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்க்கிற எவருக்கும் விடை தப்போ என்று சந்தேகம் வரும். திரும்பப் போட்டாலும் அதே விடைதான்.

நடைமுறையில் அந்த 700 முழுசாகக் கிடைப்பதில்லை. அமுங்குகிற மேற்பரப்பு அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், ஓர் அளவுக்கு மேல் பாரம் ஏறினால் நடுப்பகுதி சிற்றலையாக நெளிந்து வேலையிலிருந்து விலகிக்கொள்கிறது. ஓரத்துப் பட்டைகள் மட்டுமே பாரத்தைச் சுமக்கின்றன. விமான இறக்கைகளின் மெல்லிய தகடுகள் இப்படி நெளிவதை ஆராய்ந்த காலத்தில், 1932-ல், தியோடர் வான் கார்மான் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்: நெளிந்த தகட்டின் முழு அகலத்தையும் நம்பாதே, உழைக்கிற அகலத்தை மட்டும் கணக்கில் எடு என்று. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் விண்டர் 1940-களில் நிறையச் சோதனைகள் செய்து அதைப் பொறியாளர்கள் கையாளக்கூடிய சூத்திரமாக்கினார். குளிர்நிலையில் வளைத்த மெல்லிரும்புக்கான நம் நாட்டு விதிநூல் ஐ.எஸ். 801-ன் 1975 பதிப்பிலும் அந்தச் சிந்தனையே அடிப்படை. நல்ல ரேக்கின் தட்டைக் குப்புறப் போட்டுப் பாருங்கள், நடுவில் தொப்பி வடிவில் ஒரு பட்டை ஓடும். மேற்பரப்பு நெளியாமல் பிடித்து வைக்கத்தான் அது. விலையைக் குறைக்க முதலில் கழற்றிவிடப்படுவதும் பெரும்பாலும் அதுதான். வாங்குகிறவர் தட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு தப்பெண்ணமும் பரவலாக உண்டு. 'ஹை டென்சில்' தகடு போட்டிருக்கிறோம், தொய்வு வராது என்று விற்பனையாளர் சொல்வார். பலம் வேறு, விறைப்பு வேறு. உயர்பல எஃகு உடைவதற்கும் நிரந்தரமாக மடங்குவதற்கும் முன் அதிக பாரம் தாங்கும், உண்மைதான். ஆனால் பாரத்துக்கு எவ்வளவு தொய்யும் என்பதை நிர்ணயிக்கும் மீள்மைக் குணகம் சாதா எஃகுக்கும் உயர்பல எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே வடிவம், ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே அளவுதான் தொய்யும். தொய்வைக் குறைக்க வேண்டுமானால் மடிப்பை ஆழமாக்க வேண்டும், தகட்டைத் தடிக்கச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தட்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

நீளம் செய்கிற வேலையைப் பலரும் உணர்வதில்லை. கடைகளில் தட்டு 3 அடி அல்லது 4 அடி நீளத்தில் வரும். ஓர் அடிதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் ஒரே மாதிரிச் சரக்கைத் தட்டு முழுவதும் பரப்பினால், தொய்வு நீளத்தின் நான்கடுக்குக்கு ஏற்ப உயரும். 3 அடி 4 அடியானால் தொய்வு மும்மடங்குக்கும் சற்று மேல். வைக்கிற விதமும் அப்படியே. தட்டு முழுவதும் பரவிய பாரத்தை நடுவில் குவித்து வைத்தால், எடை கூடாமலே தொய்வு 1.6 மடங்காகும், நடுவில் ஏற்படும் வளைவிசை இரட்டிப்பாகும். ரேக் கம்பெனி 'தட்டுக்கு 80 கிலோ' என்று எழுதித் தருகிறதென்றால், பரவலாக வைத்த 80 கிலோ என்றே அதற்கு அர்த்தம். எண்ணெய் டின்கள் நாலைந்தை நடுவில் நிறுத்துவதற்கு அந்த எண் பொருந்தாது.

சரக்கு மாறும்போது பாரம் எவ்வளவு தாவுகிறது என்பதையும் பார்ப்போம். 3 அடித் தட்டில் 50 கிராம் சிப்ஸ் பாக்கெட் ஐம்பது அடுக்கினால் இரண்டரைக் கிலோ. அதே இடத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டில் ஐம்பது நின்றால் எண்ணெய் மட்டுமே 45 கிலோவைத் தாண்டும், ஏனென்றால் லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். தட்டு அதேதான், பிராக்கெட் அதேதான். பாரம் பதினெட்டு மடங்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் இந்த மாற்றம் கடைகடையாக நடக்கிறது.

இனி பிராக்கெட். கடை ரேக்கில் தட்டு தூணிலிருந்து முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பக்கம் அதற்கு ஆதாரமே இல்லை. 400 மி.மீ. ஆழத் தட்டில் 100 கிலோ ஏற்றினால், இரு பிராக்கெட்டுக்கும் ஆளுக்கு 50 கிலோ. அந்தப் பாரம் தூணிலிருந்து சராசரியாக 200 மி.மீ. தள்ளி நிற்கிறது. பிராக்கெட் முன்னே கவிழப் பார்க்கும். மேற்பல் துளையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும், அடிமுனை தூணுக்குள் அழுந்தும். மேற்பல்லுக்கும் அடிமுனைக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால் மேற்பல்லை இழுக்கும் விசை சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். இடைவெளி 50 மி.மீ. என்றால் 200 கிலோ. சின்ன பிராக்கெட் விலை மலிவாக இருப்பதன் உண்மை விலை அந்தப் பல்லில் இருக்கிறது. சரியாகத் துளையில் இறங்காமல் பாதியில் நிற்கும் பிராக்கெட்டில் ஒரே பல் இரண்டு பல்லின் வேலையைச் செய்யும். அதனால்தான் மாட்டியபின் மேலிருந்து தட்டி, முழுசாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

இப்படித் திறந்த தட்டில் பொருளை வைத்து, வேண்டியவர் தாமே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதே ஒரு நூற்றாண்டுப் பழக்கம்தான். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையைத் திறந்தபோது, கல்லாவுக்குப் பின்னே நின்று எடுத்துத் தரும் ஆளை விலக்கிவிட்டு வாடிக்கையாளரை அடுக்குகளுக்கு நடுவே நடக்கவிட்டார். நம்மிடம் அந்த எண்ணம் மளிகைக்கு முன் நூலகத்துக்கு வந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் அடுக்குக்கே போய்ப் புத்தகத்தைக் கையால் எடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகள் நூலில் அந்த வாதம் விரிவாக இருக்கிறது. மளிகையில் நாம் மெதுவாகவே போனோம். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் மாதிரியான அமைப்புகள் சரக்கை நியாய விலைக்குத் தந்தன. பொட்டலம் கட்டித் தரும் கை மட்டும் நெடுங்காலம் கல்லாவுக்குப் பின்னாலேயே இருந்தது. 1996-ல் சென்னையில் ஃபுட் வேர்ல்ட் கடைகள் தொடங்கியபின்தான் தள்ளுவண்டியோடு அடுக்குகளுக்கு நடுவே நடப்பது நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகியது.

கிடங்குக்கான ரேக் வந்த வழி வேறு. டிமெட்ரியஸ் கொமினோ என்ற கிரேக்க வம்சாவளிப் பொறியாளர், ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர், நீளநெடுகத் துளையிட்ட ஆங்கிளை 1947-ல் டெக்சியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். வேண்டிய நீளத்துக்கு வெட்டு, போல்ட் போட்டு இணை, வேலை முடிந்ததும் கழற்று. இன்றைக்கும் செங்குன்றம் குடோன்களிலும் மருந்துக் கடைகளின் பின்னறைகளிலும் நிற்கும் சாம்பல் நிற ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் அதன் வழித்தோன்றல்தான்.

துளை போடுவது எளிய வேலை மாதிரித் தெரியும். அதில்தான் நல்ல பட்டறையும் மற்றதும் பிரிகின்றன. 2 மீட்டர் தூணில் 50 மி.மீ.க்கு ஒன்றாக 40 துளைகள். ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து அளந்து அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், உச்சியில் 4 மி.மீ. சேர்ந்துவிடும். பக்கத்துத் தூணில் பிசகு எதிர்த்திசையில் இருந்தால் மேல்தட்டு ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். அதனால் பிசகு சேர்ந்துகொண்டே போகாதபடி, தூணின் அடிமுனையிலிருந்தே ஒவ்வொரு துளையின் இடத்தையும் கணக்கிடுமாறு இயந்திரத்தை அமைக்கிறார்கள். பிறகு உருளைகளுக்கு இடையே தகடு படிப்படியாக மடங்கித் தூணின் வடிவம் பெறுகிறது. மடித்த தகடு விட்டதும் கொஞ்சம் விரியும். அந்த விரிவை முன்கூட்டியே கணித்துச் சற்று அதிகமாக மடிக்க வேண்டும். காயில் மாறினால் விரிவும் மாறும். இதை நெடுங்காலம் கையால் தொட்டு அறிந்த ஆபரேட்டர் ஒருவர் பட்டறையில் இருப்பது பெரிய சொத்து.

வண்ணம் பூசுவதிலும் துளைகள் தொல்லை கொடுக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீக்கி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்த தூணின் மேல், 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னூட்டப்பட்ட பவுடரைத் தெளிக்கிறார்கள். பவுடர் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகிப் படலமாகும். ஆனால் கடத்தியின் உட்குழிவுகளுக்குள் மின்புலம் எளிதில் நுழையாது. மைக்கேல் ஃபாரடே 1836-ல் தகடு போர்த்திய கூண்டுக்குள் தாமே அமர்ந்து நிரூபித்த அதே விஷயம். மடிப்பின் உள்மூலைகளிலும் துளைகளின் உள்விளிம்பிலும் பவுடர் போதுமான அளவு போய்ச் சேராது. சூட்டில் உருகும் படலமும் கூர்விளிம்பிலிருந்து பின்வாங்கும். பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசும் வட்டாரத்தில் துரு முதலில் பிடிக்கும் இடம் அந்தத் துளை விளிம்புதான். பிராக்கெட்டின் பல் தொங்குவதும் அங்கேதான். ரேக்கின் முகம் பளபளவென்று இருக்கும்போதே அது நடந்துகொண்டிருக்கும்.

இப்போது, தட்டை நகர்த்தினால் என்ன மாறும் என்ற கேள்விக்கு வருவோம். கடை ரேக்கில், ஒரு தட்டின் பாரம் தூணை முன்னே வளைக்கும் விசை, தட்டின் உயரத்தைப் பொறுத்ததில்லை. பாரம் எவ்வளவு, தூணிலிருந்து எத்தனை தூரம் என்பதே கணக்கு. கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அது ஒன்றுதான். உயரம் வேறொரு விதத்தில் ஆபத்தாகிறது: கனமான சரக்கு மேலேறினால் நிறைமையமும் மேலேறும், ஒரு குழந்தை தட்டைப் பிடித்து ஏறினாலோ தள்ளுவண்டி மோதினாலோ கவிழ்வது எளிதாகும். இரட்டைப் பக்க ரேக்கில் இன்னொன்றும் உண்டு. ஸ்டாக் மாற்றுவதற்காக ஒரு பக்கத்தை முழுசாகக் காலி செய்யும்போது மறுபக்கம் நிறைந்தே இருக்கும்; ரேக்கைச் சமன் செய்துகொண்டிருந்த எதிர்ப்பாரம் போய்விடும். மேல்தட்டுகளைவிட அடித்தட்டு ஆழமாக இருக்க வேண்டும், அதில் எப்போதும் கனமான சரக்கு இருக்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே சரி.

பல்லட் ரேக்கில் உயரமே முதல் கணக்கு. அங்கே பீம்கள் தூணை இடையிடையே பிடித்து நிறுத்துகின்றன. ஒல்லியான தூண் நசுங்கிப் போவதற்கு முன் பக்கவாட்டில் துவண்டுவிடும் என்பதை லியோனார்டு ஆய்லர் 1744-லேயே கணித்துக் காட்டினார். பிடிமானம் இல்லாத நீளம் இரட்டித்தால் துவளாமல் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருந்த முதல் பீமை, உயரமான பெட்டிகள் வந்ததென்று 1.7 மீட்டருக்கு ஏற்றினால், ஆய்லரின் கணக்குப்படி தூணின் அந்தப் பகுதி தாங்குவது பாதியாகிவிடுகிறது. மேலே அதே பாரம் நிற்கிறது. தூண் பார்வைக்கு அதே தூண். நிஜத் தூணில் துளைகள் உண்டு, மெல்லிய சுவரின் நெளிவு உண்டு, அடித்தகட்டின் பிடிப்பு உண்டு என்பதால் வெறும் சூத்திரம் போதாது. ஐரோப்பியத் தரவிதிகள் துளையிட்ட தூணின் துண்டுகளை அழுத்தி உடைத்துப் பார்க்கவே சொல்கின்றன. ஆனால் போகிற திசை இதுதான்: கீழ் இடைவெளி கூடினால் தாங்கும் பாரம் குறையும்.

இதனால்தான் ரேக்கில் ஒட்டும் சுமைப் பலகையில் கிலோ மட்டும் எழுதினால் போதாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்த உயரங்களில் பீம் இருந்தால் அந்தக் கிலோ என்பதும் படத்தோடு இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் கிடங்குகளில் தமிழரோடு ஒடிசா, பீகார்த் தொழிலாளரும் வேலை செய்கிறார்கள். பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது ஆய்வாளருக்காக ஒட்டியது. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருந்தால்தான் அது ரேக்கின் கீழே நிற்கிறவருக்கானது. பீமை நகர்த்த இரண்டு பேரும் ஒரு ரப்பர் சுத்தியலும் போதும் என்பதால், நகர்த்தலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அந்த இரண்டு பேரிடமே வந்து சேர்ந்துவிடுகிறது. கணக்கும் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும்.

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கத்திலிருந்தும் சரக்கு எடுக்க வசதி என்று அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். பாரத்தை நேராகத் தாங்குவதில் அவற்றுக்குப் பங்கு குறைவு என்பதால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ரேக் பக்கவாட்டில் சரிந்து சாய்சதுரமாக மடங்காமல் தடுப்பது அவைதான். கடை ரேக்கின் பேக் பேனலும் இதே வேலையைத்தான் செய்கிறது; அழகுக்காக வைத்தது என்று எண்ணிக் கழற்றக் கூடாது.

பழைய ரேக் வாங்குகிறவர்கள் வடசென்னை வட்டாரத்தில் நிறைய. தவறில்லை, நல்ல தூண் இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஒரு மீட்டர் நீள நேர்கோலைத் தூணோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பல்லட் ரேக்குக்கான ஐரோப்பிய ஆய்வு விதிப்படி, பீம் ஓடும் திசையில் 5 மி.மீ.க்கு மேலோ, ரேக்கின் ஆழத்திசையில் 3 மி.மீ.க்கு மேலோ கோல் விலகினால் அந்தத் தூணைக் கவனிக்காமல் விடக் கூடாது. துளைகள் முட்டை வடிவில் நீண்டிருக்கின்றனவா, பற்கள் தேய்ந்தோ விரிந்தோ இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கம்பெனிகளின் துளைத் தூரம் 50 மி.மீ. என்று ஒத்துப்போகலாம், பல்லின் வளைவும் தடிமனும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மாட்ட முடிகிறது என்பதற்காகக் கலந்து மாட்டாதீர்கள்.

வளைந்த தூணைக் கேஸ் வைத்துச் சூடேற்றி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். குளிர்நிலையில் மடிக்கும்போதே மூலைகளில் இரும்பு கூடுதல் பலம் பெற்றிருக்கும்; சூடேற்றினால் அந்தப் பலம் கரைந்துபோகும், தூண் நேராகத் தெரியும், தாங்காது. துளையும் பற்களுமாய்ச் செய்ததன் பெரிய லாபமே, அந்த ஒரு தூணை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது. கழற்றிய தூணைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் கட்டர் வைத்து இரண்டாக வெட்டிவிடுங்கள். முழுத் தூணாகப் போனால் சாயம் பூசிக்கொண்டு வேறொரு கடையில் நிற்கக்கூடும். வெட்டிய தூண் உலைக்குத்தான் போகும்.